என் முதுகை நான் பார்த்தபோது

பல் துலக்கிவிட்டு முகம் கழுவக் குனிந்தேன். அவ்வளவுதான். கனமான எதையும் தூக்கவில்லை, வழுக்கவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. குழாயைத் திறந்து இரண்டு கைகளிலும் தண்ணீரை ஏந்தியபோது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஏதோ சட்டென்று பூட்டிக்கொண்டது. ஏந்திய தண்ணீர் விரல்களுக்கிடையே ஒழுகிப் போனது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நிமிரவும் முடியவில்லை, மேற்கொண்டு குனியவும் முடியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் காலையில் வீட்டில் இருப்பது அந்த ஒரு நாள்தான். மற்ற நாள்களில் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு ஈப்போ மொத்தச் சந்தைக்கு லாரி ஓட்டுகிறார். வெளியிலிருந்து குளியலறைக் கதவைத் தட்டினார்.

"இன்னும் முடியலையா? பூசைக்கு நேரமாச்சு."

"என்னால முடியலங்க."

"ஏன், தண்ணி வரலையா?"

"தண்ணி வருது. நான்தான் வர முடியல."

அவர் உள்ளே வந்து பார்த்தார். முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்குளில் கைகொடுத்துக் கட்டில்வரை நடத்திக்கொண்டு போனார். அன்று இருவருமே தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகவில்லை.

படுத்துக் கிடந்த நாள்களில் வலியைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது ஒரு கேள்வி. நினைவு தெரிந்த நாள் முதல் முகம் கழுவுகிறேன். அதே குனிதல், அதே தண்ணீர். அன்றைக்கு மட்டும் என்ன ஆனது? கிளினிக் மருத்துவரிடம் கேட்டேன். தசைப்பிடிப்பு என்றார். மாத்திரை கொடுத்து, அரசு மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் வலி தணிந்தது. கேள்வி தணியவில்லை.

இயன்முறைப் பிரிவில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். சாம்பல் நிற முக்காடு, ஓட்டக்காரர்கள் போடுகிற காலணி. என்னை 'காக்' என்று அழைத்தார். அக்கா என்பது போல. நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். முதுகைத் தொட்டு அழுத்திப் பார்ப்பார் என்று நினைத்துப் போனேன். அவரோ என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"காலையில எப்படி எழுந்திரிக்கிறீங்க?"

"எப்படின்னா? எழுந்திரிப்பேன்."

"அந்தக் கட்டில்ல படுத்து, எழுந்து காட்டுங்க."

படுத்தேன். வழக்கம்போல் தலையையும் தோளையும் ஒரு வெட்டு வெட்டி எழுந்து உட்கார்ந்தேன். வலித்தது. பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழச் சொன்னார். அப்படி எழுந்தபோது வலி வரவே இல்லை. அதன்பின் காலணி மாட்டச் சொன்னார், கைப்பையைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னார். கடைசியில் ஒரு மேசையின் முன் நிறுத்தி, அதுதான் முகம் கழுவும் தொட்டி என்றார். தொட்டி இல்லாத இடத்தில் தண்ணீர் இல்லாமல் முகம் கழுவிக் காட்டினேன். முட்டி இரண்டும் கட்டைபோல விறைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"குனியும்போது பிங்காங்க வளைக்கிறீங்க, காக். பிங்குல்ல மடிங்க."

எனக்கு அது உடனே பிடிபடவில்லை. இரண்டும் வேறு வேறு சொற்கள் என்று தெரியும். பிங்காங் என்றால் பாவாடை நாடா கட்டும் இடம். பிங்குல் அதற்குக் கீழே, தொடை உடம்போடு வந்து சேரும் இடம். ஆனால் என் தலைக்குள் போனதும் இரண்டும் தமிழில் ஒரே 'இடுப்பு' ஆகிவிடுகின்றன. இடுப்பை வளைத்துக் குனி என்று யார் சொன்னாலும் நாடா கட்டும் இடத்தைத்தான் வளைப்பேன். இத்தனை காலமும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவர் ஒரு நீளமான கட்டையை என் முதுகோடு சேர்த்து நிறுத்தினார். பின்தலை, தோள்களுக்கு நடுவே, முதுகெலும்பு முடியும் இடம் என்று மூன்று இடத்திலும் கட்டை ஒட்டியிருக்க, அப்படியே குனிய வேண்டும். முதல் முயற்சியிலேயே கட்டை தலையை விட்டு விலகிவிட்டது.

"ரெண்டு கையிலயும் சாமான் இருக்கும்போது கார் கதவ எப்படிச் சாத்துவீங்க?"

"பின்பக்கத்தால இடிச்சுச் சாத்துவேன்."

"அதேதான். இடிங்க."

இல்லாத கார்க் கதவைப் பின்பக்கத்தால் இடித்தேன். முட்டி தானாக மடங்கியது, கட்டை மூன்று இடத்திலும் ஒட்டிக்கொண்டு நின்றது. உடம்பில் இப்படி ஒரு கீல் இருப்பதே தெரியாமல் நாற்பது வயதைத் தாண்டியிருக்கிறேனே என்று வியப்பாக இருந்தது.

அவரிடமும் என் கேள்வியைக் கேட்டேன்.

"முதுகு வளையறதுக்குத்தான் இருக்கு, காக். வளைச்சது தப்பில்ல. ஒரே மாதிரி, ஒரே பக்கமா, ரொம்ப நேரம் இருந்தா அதுக்குப் பிடிக்காது. முகம் கழுவுனது கடைசியா நடந்தது. அதுக்கு முன்னாடி வாரம் பூரா என்ன செஞ்சீங்க?"

வாரம் முழுக்க நான் செய்வது, பிறர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது. ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். பல் மருத்துவர் நோயாளியின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். அவர் துளையிடும்போது எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் தெரியும்படி உடம்பைத் திருகி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருப்பேன். அந்த அறையில் சுகமாகச் சாய்ந்திருப்பவர் நோயாளி ஒருவர்தான். இதைச் சொன்னதும் அந்தப் பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தலையணையை நோயாளியாக்கிப் பார்த்தார். பிறகு, வீட்டில் வேலை செய்யும்போது யாரையாவது பின்னாலிருந்து காணொலி எடுக்கச் சொல்லுங்கள், நீங்களே பாருங்கள் என்றார்.

கணவரிடம் கைப்பேசியைக் கொடுத்தேன்.

"முதுகயா எடுக்கணும்? கல்யாணத்துக்கே ஒழுங்கா மொகத்த எடுக்கல."

"எடுங்கலா. டாக்டர் சொன்னது."

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவர் கொஞ்ச நேரத்தில் ஈடுபாடாகிவிட்டார். நான் பாத்திரம் கழுவியபோதும் துணி மடித்தபோதும் தரை துடைத்தபோதும் பின்னாலேயே வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் கைப்பேசியை நிமிர்த்தி வைத்து இருவரும் பார்த்தோம்.

கண்ணாடியில் முகத்தைத் தினமும் பார்க்கிறோம். கையும் காலும் எப்போதும் கண்ணெதிரே இருக்கின்றன. முதுகு மட்டும் பிறருக்கென்றே படைத்ததுபோல் பின்னால் இருந்துவிடுகிறது. திரையில் தெரிந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் நான் என்று ஒப்புக்கொண்டேன். பாரம் முழுவதும் இடது காலில் இருந்தது. இடது இடுப்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வலது கால் சும்மா பேருக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, பேசாமல் நிற்கும்போதும் அதே நிலைதான்.

"உங்கக்கா நிக்கிற மாதிரியே இருக்குலா," என்றார் கணவர்.

அவர் சொன்ன பிறகு என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. அது அக்காவேதான். சுங்காய்க்குப் பக்கத்தில், நாங்கள் பிறந்த பழைய ரப்பர்த் தோட்டத்தில் இன்னும் இருப்பவள். ரப்பர் மரங்களெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிவிட்டன. அக்கா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். என்னைவிட ஒரு தலை உயரம். உருவத்தில் எங்களைச் சகோதரிகள் என்று யாரும் சொன்னதில்லை. பின்னால் இருந்து பார்த்தால் மட்டும் ஒரே அச்சு.

அதிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும் முதுகைத்தான் பார்த்தேன். வங்கி வரிசையில் நிற்பவர்கள் எந்தக் காலில் நிற்கிறார்கள், பசாரில் கோழி வெட்டுபவர் பலகையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார், பூசையில் முழங்காலிடும்போது யார் நேராக இருக்கிறார்கள், யார் பின்னிருக்கையில் ஒட்டிக்கொள்கிறார்கள். கணவர் ஒரு பக்கம் உயர்ந்து உட்காருகிறார் என்பதைக் கண்டுபிடித்தேன். காரணம் பின்பாக்கெட்டில் இருந்த தடித்த பணப்பை. "இத்தன வருசமா இது மேலயா உட்காந்து மலை ஏறி இறங்குனேன்," என்று அவரே அதை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு மலையிலிருந்து இறங்கி சிம்பாங் பூலாய் வந்ததும் லாரியை ஓரங்கட்டி, அதை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டுத்தான் மறுபடி ஏறுகிறார்.

கிளினிக்கில் ஒரு நாள், நோயாளி வருவதற்கு முன் என் முக்காலியை மருத்துவருடையதைவிட ஒரு சாண் உயர்த்தி வைத்தேன். எங்கள் பல் மருத்துவர் சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். "ஏன் ராணி மாதிரி மேல உட்காந்திருக்க?" என்று மட்டும் கேட்டார். உயரத்திலிருந்து பார்த்ததால் வாய்க்குள் எல்லாம் குனியாமலே தெரிந்தது. நோயாளியின் தலையை மெதுவாக என் பக்கம் திருப்பிக்கொண்டதும் உடம்பைத் திருகவும் வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் மருத்துவர் தன் கழுத்தைத் தடவியபடி என் முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவருடைய கருவிகள் வைக்கும் தட்டு மேசை வேறு பக்கத்துக்கு மாறியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கிடைத்த மலிவு விலை வீட்டுக்குக் குடிபோனாள். சாமான் ஏற்ற நானும் கணவரும் லாரியோடு போனோம். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தம்பி வந்திருந்தான். எங்களில் கடைசி. மீன் படகுகள் வந்து சேரும் துறையில் ஐஸும் மீனும் நிறைந்த தொட்டிகளைத் தூக்கி ஏற்றுவது அவன் வேலை. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், அதற்கேற்ற அகலம்.

அக்கா வாசலில் நின்று யாருக்கோ கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். இடது காலில் பாரம். இடது இடுப்பு வெளியே. நான் பின்னால் நின்றுவிட்டேன்.

"வந்ததும் வராததுமா என்ன என் முதுகயே பாக்குற?"

"ஒன்னும் இல்லக்கா. அப்படியே நில்லு. ஒரு படம் எடுத்துக்கிறேன்."

அதையும் வீட்டில் என் முதுகை எடுத்ததையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியை மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"ஏன்க்கா நாம ரெண்டு பேரும் இப்படி நிக்கிறோம்? அம்மாவும் இப்படியா நிப்பாங்க?"

"அம்மா ஆணி அடிச்ச மாதிரி நிப்பாங்க." அக்கா கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பியைக் கைகாட்டினாள். "இவனத் தூக்கித் தூக்கித்தான்."

அதை நான் மறந்தே போயிருந்தேன். அம்மா விடியுமுன் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போய்விடுவார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாய் ஒன்று தோட்டத்தில் இருந்தது. தம்பியை அங்கே விட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுவான். அதனால் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தான். அக்கா பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதும் என் இடுப்புக்கு மாறினான்.

"வலது கை வேலைக்கு வேணும்ல," என்றாள் அக்கா. "அதான் எப்பவும் இடது பக்கம். இவன் எறங்கிப் போயி எவ்வளவு காலமாச்சு. நாமதான் இன்னும் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறோம்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "என்னா, ரெண்டு பேரும் பழிய என் மேல போடுறீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு புதிரை அவிழ்த்த மகிழ்ச்சி. அப்போது தம்பி கேஸ் தோங் உருளையைத் தூக்கினான். முட்டி மடக்காமல், முதுகை வில்லாக வளைத்து, தூக்கிய வேகத்திலேயே இடுப்பைத் திருகி லாரிமேல் வைத்தான். அவன் பலத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் வைத்த பிறகு உடனே நிமிரவில்லை. லாரியின் பலகையில் உள்ளங்கையை ஊன்றி, மூச்சை நிறுத்தி, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தான். வாரக்கணக்கில் முதுகுகளையே பார்த்துக்கொண்டு திரியாமல் இருந்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

பக்கத்தில் போனேன். "எப்போலேருந்து?"

"என்ன எப்போலேருந்து?"

"முதுகு."

அவன் முதலில் அக்கா எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டான். "மெதுவா பேசுக்கா."

நோன்புப் பெருநாளுக்கு முன்பிருந்தே என்றான். காலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்து, வெகுநேரம் கழித்துத்தான் எழ முடிகிறதாம். கொஞ்ச நாளாக வலது காலில் கெண்டைச்சதை வரைக்கும் மரத்துப் போகிறதாம். மனைவிக்குத் தெரிந்தால் துறைக்கு அனுப்பமாட்டாள், முதலாளி தவுக்கே அறிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் தலையணை மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு எதையோ பேசுவதுபோல் சொன்னான்.

கால் மரத்துப் போகிறது என்றதும் எனக்குப் பயமாகிவிட்டது. அது கட்டையை முதுகில் வைத்துச் சரிசெய்யும் காரியமில்லை.

"ஆசுபத்திரிக்குப் போ. இந்த வாரமே போ."

"போறேன்கா."

"போறேன்னா போகமாட்ட. உன் வீட்டுல நான் சொல்லவா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன்."

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். அவளுக்குக் காது கூர்மை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கி, "திரும்பி நில்லுடா," என்றாள். அந்தப் பெரிய உருவம் பேசாமல் திரும்பி நின்றது. எடுத்ததைப் பார்த்தபோது மூவருமே குழம்பிப் போனோம். தம்பி வலது பக்கம் சாய்ந்திருந்தான்.

"இவன யாரு அந்தப் பக்கம் சாயச் சொன்னது?" என்றாள் அக்கா.

கணவர் லாரிக்குமேல் நின்றபடி சொன்னார்: "உங்க ரெண்டு பேருகிட்டேருந்து தப்பிக்கப் பாத்திருப்பான்லா."

மீதிச் சாமானை வேறு விதமாக ஏற்றினோம். தம்பியை ஓரமாக உட்காரவைத்தோம். பக்கத்து வீட்டு ஆள்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஐஸ்பெட்டியின் அடியில் பழைய போர்வையைப் போட்டு வாசல்வரை இழுத்தோம். துணி துவைக்கும் இயந்திரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்கினோம். நான் எதையும் தூக்காமல், "உடம்பத் திருப்பாதீங்க, கால எடுத்து வெச்சுத் திரும்புங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வாயை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

தம்பி தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போனான். முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார்கள். அவன் மனைவி சத்தம் போட்டாள். பிறகு அவளே தவுக்கேயிடம் போய்ப் பேசினாள். அவன் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. சில மாதங்களுக்கு அவனை மீன் எடை போடும் இடத்தில் வைத்தார்கள், தொட்டிகளைத் தள்ள ஒரு தள்ளுவண்டியும் வந்தது. கால் மரத்துப்போவது மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. மறுபடி தூக்கப் போவானா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறான்.

நான் கடைசியாக இயன்முறைப் பிரிவுக்குப் போனபோது எங்கள் மூவருடைய படங்களையும் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். தம்பியைச் சுமந்த கதையையும் சொன்னேன். அவர் ஆர்வமாகத்தான் கேட்டார்.

"இருக்கலாம், காக். இல்லாமலும் இருக்கலாம். நீங்க இத்தன வருசம் ஒரே பக்கமா உட்காந்து குழாய் பிடிச்சிருக்கீங்க. அக்கா ஒரே பக்கமா நின்னு சட்டி கிண்டுறாங்க. தம்பிக்கு வலி இருக்கு, எந்தப் பக்கம் சாஞ்சா வலி குறையுதோ அந்தப் பக்கம் சாய்வாரு. பொறந்ததுலேருந்தே எல்லாரும் கொஞ்சம் கோணல்தான். எதனாலன்னு என்னால சொல்ல முடியாது."

எனக்கு ஏமாற்றமாக இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், அக்கா சொன்னதையும் இவர் சொன்னதையும் இரண்டு பக்கமும் வைத்து யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னும் யோசிக்கிறேன். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவசரமாக இருக்கும் நாள்களில் பழையபடி குனிந்துவிடுகிறேன். முதுகு உடனே கேட்கிறது. துணி தேய்க்கும்போது ஒரு காலைப் பிஸ்கட் டின்மேல் வைத்துக்கொள்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றுகிறேன்.

அக்கா புதுவீட்டில் சமையல் மேடை கட்டும்போது பெரிய ரகளை நடந்தது. மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் போடுகிற அளவில் கட்டிவிட்டார். அக்கா தன் உயரத்துக்கு அது தாழ்வு, ஒரு வரிசைக் கல் ஏற்று என்றாள். எல்லாரும் இந்த அளவில்தான் சமைக்கிறார்கள் என்று அவர் மறுத்தார். அக்கா அவர் கையில் கத்தியையும் ஒரு பூசணிக்காயையும் கொடுத்து, முழுசையும் நறுக்கச் சொன்னாளாம். அவரும் நல்ல உயரம். பாதி பூசணியிலேயே கல் எடுத்துவரப் போய்விட்டார்.

போன மாதம் சுங்காய்க்குப் போயிருந்தேன். அந்த மேடையில் அக்கா நிமிர்ந்து நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கப் பார்த்தேன். மேடை என் நெஞ்சுக்குக் கிட்டே வந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

"எனக்கு இது ஒத்து வராதுக்கா. தோள் வலிக்குது."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலாலேயே மேடைக்கு அடியிலிருந்து ஒரு பலகையைத் தள்ளிவிட்டாள். நான்கு கால் வைத்து ஆணி அடித்த, புதுப் பலகை.

"தம்பி செஞ்சு குடுத்துட்டுப் போனான். ஏறி நின்னு நறுக்கு. ரெண்டு கால்லயும் நில்லு."